துளசியும் வெளிச்சமும்: விதை முதல் வாசனை வரை

துளசி வளர்ப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு அறிவுரைகள் காதில் விழுகின்றன. விதையை மண்ணுக்குள் நன்றாகப் புதைத்து இருட்டில் வைத்தால்தான் முளைக்கும் என்பது ஒன்று. ஓரளவு வெளிச்சம் இருந்தால் போதும், வீட்டின் எந்த மூலையிலும் துளசி வளரும் என்பது மற்றொன்று. இரண்டையும் நம்பி ஏமாந்தவர்கள் பலர். முளைக்காத தொட்டியைப் பார்த்து விதை மோசம் என்கிறார்கள். ஒல்லியாக நீண்டு வாசனையின்றி நிற்கும் செடியைப் பார்த்து மண் மோசம் என்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் கோளாறு விதையிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. வெளிச்சம் செடிக்குள் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பங்களில் பெரும்பகுதி தானே விலகிவிடும்.

இக்கட்டுரை துளசியை மையமாக வைத்துக்கொள்கிறது. தாவரவியலில் ஓசிமம் டெனுயிஃப்ளோரம் என்று பெயர் பெற்ற செடி இது. சப்ஜா விதை தரும் திருநீற்றுப்பச்சை அதே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவு என்பதால், தேவையான இடங்களில் அதையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம்.

ஒளிக்கு இரண்டு வேலைகள்

செடியைப் பொறுத்தவரை ஒளி இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அது ஆற்றல். இலையில் உள்ள பச்சையம் ஒளியை உள்வாங்கி, நீரையும் கரியமில வாயுவையும் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது, இதுவே ஒளிச்சேர்க்கை. இரண்டாவது, அது தகவல். இப்போது பகலா இரவா, மேலே திறந்த வானமா வேறொரு செடியின் இலையா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையெல்லாம் செடி ஒளியைக் கொண்டே அறிகிறது.

ஆற்றல் என்ற வகையில் ஒளி நிறைய வேண்டும், அதுவும் நாள்தோறும் பல மணி நேரம் வேண்டும். தகவல் என்ற வகையிலோ மிகச் சிறிய அளவே போதுமானது. ஆனால் அதன் நிறம் சரியாக இருக்க வேண்டும். விதைக்குத் தேவைப்படுவது தகவல். இலைக்குத் தேவைப்படுவது ஆற்றல், கூடவே தகவலும். மேலே சொன்ன இரண்டு தவறான அறிவுரைகளும் இந்த வேறுபாட்டைக் கவனியாததால் பிறந்தவை.

சிறிய விதை எதற்காக வெளிச்சம் பார்க்கிறது?

காய்ந்த துளசிக் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, சருகை மெல்ல ஊதிவிட்டால், கடுகைவிடச் சிறிய பழுப்பு மணிகள் மிஞ்சும். ஒவ்வொரு பூவின் புல்லிக்கிண்ணத்துக்குள்ளும் நான்கு மணிகள் வரை இருக்கும். நாம் விதை என்று சொல்வது இவற்றைத்தான். இவை எவ்வளவு நுண்ணியவை என்பதைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் அடுத்துச் சொல்லப்போவது விளங்கும்.

விதைக்குள் இருக்கும் சேமிப்பு உணவு, தொலைதூரப் பயணத்துக்கு எடுத்துச் செல்லும் கட்டுச்சோறு போன்றது. அது தீர்வதற்குள் ஊர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். முளைக்கு ஊர் என்பது மண்ணின் மேற்பரப்பு. அங்கே வந்து இலை விரித்த பிறகுதான் அது சொந்தமாகச் சமைக்க முடியும். மொச்சைக்கும் அவரைக்கும் பெரிய மூட்டையே கூட வருகிறது. இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றினாலும் அவை மேலே வந்துவிடும். துளசியிடம் இருப்பதோ ஒரு பிடிக்கும் குறைவு. ஆழத்தில் கிடக்கும் துளசி விதை முளைக்கத் தொடங்கினால் பாதி வழியிலேயே பட்டினியால் மாயும்.

எனவே, முளைக்கும் முன்பே தான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று அறிந்துகொள்வது இத்தகைய சிறு விதைகளுக்கு உயிர் காக்கும் திறமை. ஒளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. ஆகவே, ஒளி தென்பட்டால் மேற்பரப்பு அருகில் இருக்கிறது என்று பொருள். தென்படவில்லை என்றால் காத்திருப்பதே நல்லது. வெளிச்சம் பட்டால் நன்றாக முளைக்கும் விதைகளை ஒளி விரும்பும் விதைகள் என்கிறார்கள். எதிர்மாறானவையும் உண்டு, தர்பூசணி விதையில் தொடர்ந்த வெளிச்சம் முளைப்பைத் தடுக்கக்கூடியது. 'விதை என்றாலே இருட்டு வேண்டும்' என்ற பொது விதியோ, 'விதை என்றாலே வெளிச்சம் வேண்டும்' என்ற பொது விதியோ கிடையாது.

துளசியின் நிலை என்ன? அது இருட்டில் அறவே முளைக்காது என்று சொல்வது மிகை. வெப்பநிலை, விதையின் வயது, ஈரம் ஆகியவை பொருந்தி வந்தால் இருட்டிலும் ஒரு பகுதி முளைக்கலாம். வெளிச்சத்தில் கூடுதலாகவும் சீராகவும் முளைக்கும் என்பதே நியாயமான கூற்று.

விதைக்குள் இருக்கும் ஒளியுணரி

கண்ணில்லாத விதை ஒளியை எப்படி அறிகிறது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதை அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தோடு தொடர்புடையது. ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழு லெட்யூஸ் கீரையின் விதைகளை நனைத்து, இருட்டில் வைத்து, வெவ்வேறு நிற ஒளியைச் சிறிது நேரம் மட்டும் காட்டிப் பார்த்தது. சிவப்பொளி பட்ட விதைகள் முளைத்தன. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளி பட்டவை முளைக்கவில்லை. 1952-இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் வியப்பான பகுதி இனிதான் வருகிறது. சிவப்பு, தொலைச்சிவப்பு, மீண்டும் சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதையே விதை கணக்கில் எடுத்துக்கொண்டது. முன்பு பட்டவை அனைத்தும் அழிந்துபோயின.

அப்படியானால், விதைக்குள் இரண்டு நிலைகளுக்கு இடையே மாறி மாறிச் செல்லக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். 1959-இல் அந்தப் பொருளையே செடித் திசுவில் கருவி கொண்டு கண்டறிந்தார்கள். அதற்குப் பைட்டோகுரோம் என்று பெயரிடப்பட்டது: ஒளியை உள்வாங்கித் தன் வடிவை மாற்றிக்கொள்ளும் ஒரு நிறமிப் புரதம். அதற்கு ஓய்வு வடிவம், செயல்படும் வடிவம் என இரண்டு உண்டு. ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி அதைச் செயல்படும் வடிவுக்குக் கொண்டுவருகிறது; ஏறத்தாழ 730 நானோமீட்டர் உள்ள தொலைச்சிவப்பு ஒளி மீண்டும் ஓய்வு வடிவுக்குத் தள்ளுகிறது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

செயல்படும் வடிவம் விதைக்குள் ஜிப்பெரலின் என்ற வளர்ச்சி ஊக்கியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. விதையை உறக்கத்தில் வைத்திருக்கும் அப்சிசிக் அமிலத்தைக் குறைக்கிறது. முளைவேரைச் சுற்றியுள்ள உறை இளகுகிறது, வேர் வெளியே வருகிறது. இவ்வளவும் நடப்பதற்கு விதை முதலில் நீரை உறிஞ்சி ஊறியிருக்க வேண்டும். டப்பாவில் இருக்கும் காய்ந்த விதையைக் கொண்டுபோய் நாளெல்லாம் வெயிலில் காட்டுவதால் முளைப்பு கூடிவிடாது.

இந்த ஒளியுணரி லெட்யூஸுக்கு மட்டும் உரியதன்று. பச்சைத் தாவரங்கள் எல்லாவற்றிலும் பைட்டோகுரோம் உண்டு. உழுத நிலத்தில் சில நாட்களில் களை மண்டுவதற்கும் ஒரு காரணம் இதுவே. ஆழத்தில் பல ஆண்டுகள் ஈரத்தோடு உறங்கிக் கிடந்த களை விதைகள், ஏர் மண்ணைப் புரட்டும் அந்தக் கணநேர வெளிச்சத்திலேயே விழித்துக்கொள்கின்றன. இரவில் உழுதால் களை குறையுமா என்று ஜெர்மனியில் ஆய்வுகள்கூட நடந்திருக்கின்றன.

நிழலின் நிறம்

வெயிலில் சிவப்பும் தொலைச்சிவப்பும் ஏறக்குறையச் சம அளவில் இருக்கின்றன. அந்த வெயில் ஓர் இலையைக் கடந்து கீழே வரும்போது, பச்சையம் சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. தொலைச்சிவப்பை அது தொடுவதில்லை. ஆகவே மரத்தடி நிழல் என்பது குறைந்த வெளிச்சம் மட்டுமன்று. சிவப்பு வடிகட்டப்பட்ட, தொலைச்சிவப்பு மிகுந்த வெளிச்சம். நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பைட்டோகுரோமுக்குத் தெரியும். அடர்ந்த செடிகளின் அடியில் விழுந்த சிறு விதை மண்ணின் மேற்பரப்பிலேயே கிடந்தாலும், தலைக்கு மேல் இடமில்லை என்று உணர்ந்து காத்திருப்பது இதனால்தான். சுவரின் நிழல் இப்படிப்பட்டதன்று. அங்கே ஒளி குறைகிறது, நிறக் கலவை அந்த அளவுக்கு மாறுவதில்லை.

திரட்டிச் சொன்னால்: துளசி விதை கேட்பது வலிமையான வெயிலை அன்று. ஈரமாக இருக்கும்போது, மேற்பரப்புக்கு அருகில், இலை மறைக்காத ஒளி தன்மேல் படுவதை அது கேட்கிறது.

விதைக்கும்போது

இதிலிருந்து நடைமுறை தானே கிடைக்கிறது. விதையை அதனைப்போல நான்கைந்து மடங்கு மெல்லிய மணலோடு கலந்து, சமன்படுத்திய ஈர மண்ணின்மேல் தூவ வேண்டும். அதன்மேல் சலித்த மக்கிய எருவையோ மணலையோ விதை லேசாகக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் தூவினால் போதும். கனமாக மூடக் கூடாது. நீரைக் குடத்திலிருந்து கொட்டினால் விதை ஆழத்துக்கு அடித்துச் செல்லப்படும் அல்லது ஒரு மூலையில் குவியும் என்பதால், மெல்லிய துளையுள்ள பூவாளியே ஏற்றது. விதைத்த தட்டையோ தொட்டியையோ நேர் வெயிலில் வைக்க வேண்டிய தேவை இந்தக் கட்டத்தில் இல்லை. மேற்பரப்பில் கிடக்கும் விதைக்கு உண்மையான ஆபத்து, மண்ணின் மேல்தோல் உச்சிவேளையில் காய்ந்துபோவதுதான். ஒளி வரும் வெண்ணிறப் பிளாஸ்டிக் தாளோ நிழல்வலையோ மேலே இருந்தால், வெளிச்சமும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும். சாக்கைப் போட்டு மூடினால் ஈரம் மட்டும் கிடைக்கும். அதைப் போட்டாக வேண்டுமென்றால் பகலில் சில முறையாவது விலக்கிவிட வேண்டும்.

25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், நல்ல விதை ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் முளை காட்டும். குளிர்ந்த மார்கழி இரவுகளில் தாமதமாகும். அதற்கு வெளிச்சத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

முளைத்த பிறகு: முளைப்பாரி காட்டும் பாடம்

அம்மன் கோவில் திருவிழாக்களுக்கு முளைப்பாரி போடுபவர்களுக்கு அடுத்த செய்தி புதிதன்று. நவதானியங்களை எருவில் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து வளர்த்தால், முளைகள் வெளிர் மஞ்சளாக, மெலிந்து, வழக்கத்தைவிட உயரமாக எழும்பும். இருட்டில் வளரும் முளை தன் சேமிப்பு முழுவதையும் உயரத்தில் செலவிடுகிறது. இலையை விரிப்பதில்லை, பச்சையத்தை உண்டாக்குவதில்லை. மண்ணுக்குள் இருக்கிறோம், வெளிச்சத்தை எட்டும்வரை நீள வேண்டும் என்பதே அதன் கணக்கு. இதற்கு வெளிறிய வளர்ச்சி என்று பெயர்.

பாரியில் இருப்பவை பயறு, சோளம் போன்ற பெரிய விதைகள் என்பதால் அவை பத்து நாள் தாக்குப்பிடிக்கின்றன. துளசி முளை அப்படித் தாக்குப்பிடிக்காது. முதல் முளைகள் தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். எல்லா விதையும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருப்பவர்கள், நூலிழைபோல் நீண்டு சாயும் நாற்றுகளைத்தான் பெறுகிறார்கள். ஒருமுறை அப்படி நீண்ட தண்டு பிறகு குட்டையாகாது. வெளிச்சம் கிடைத்ததும் முளை தன் போக்கை மாற்றிக்கொள்கிறது: தண்டின் நீட்சி மட்டுப்படுகிறது, வித்திலைகள் விரிகின்றன, பச்சை ஏறுகிறது. இந்த மாற்றத்தை நடத்துவதும் பைட்டோகுரோம்தான், நீல ஒளியை உணரும் வேறு சில புரதங்களின் துணையோடு.

சாய்வதும் நீள்வதும்

சன்னலோரத் தொட்டியில் துளசி ஒரு பக்கமாகச் சாய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளைக் கொண்டு செய்த சோதனைகளில், ஒளியை உணர்வது நாற்றின் நுனி என்றும் வளைவது அதற்குக் கீழுள்ள பகுதி என்றும் காட்டினார்கள். நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே போகிறது என்பது அவர்களின் முடிவு. ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியே அந்தச் செய்தி என்று பின்னாளில் தெரியவந்தது. நீல ஒளி ஒரு பக்கத்திலிருந்து வரும்போது, ஆக்சின் நிழல் பக்கத்தில் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்கின்றன. தண்டு ஒளியை நோக்கி வளைகிறது. தொட்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தால் செடி நேராக நிற்கும்.

நெருக்கமாக நட்ட துளசிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உயர்வது வேறு கதை. அண்டைச் செடியின் இலைகளிலிருந்து பட்டுத் தெறித்து வரும் தொலைச்சிவப்பைக் கண்டு, போட்டி வந்துவிட்டது என்று செடி உணர்கிறது. உடனே கணுவுக்கும் கணுவுக்கும் இடைப்பட்ட தண்டு நீள்கிறது, பக்கக் கிளைகள் அடங்குகின்றன, இலைக்குப் போக வேண்டிய உணவு தண்டுக்குப் போகிறது. நிழல் தவிர்ப்பு எனப்படும் இந்த எதிர்வினை, உண்மையான நிழல் விழுவதற்கு முன்பே தொடங்கிவிடும். இலைக்காக வளர்க்கும் செடியில் இது நேரடி இழப்பு. ஒரே தொட்டியில் பத்து நாற்றுகளை விட்டுவைப்பவர்கள் எவ்வளவு உரம் போட்டாலும் புதராகத் தழைக்கும் துளசியைப் பார்க்க முடியாது.

உணவாகும் வெளிச்சம்

இனி ஆற்றலுக்கு வருவோம். நம் கண் இந்த விஷயத்தில் நம்பத்தகாத சாட்சி. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து ஈடுகட்டிவிடுவதால், கூடமும் முற்றமும் நமக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரிகின்றன. அளவிட்டுப் பார்த்தால் வேறுபாடு திகைக்க வைக்கும். உச்சிவேளையில் திறந்தவெளியின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். பளிச்சென்று தெரியும் கூடத்தில், சன்னலிலிருந்து தள்ளிய இடத்தில், அது சில நூறு லக்ஸ்தான். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அலகு.

செடியும் இரவு பகலாக மூச்சு விடுகிறது. அதற்குத் தான் சேர்த்த சர்க்கரையைச் செலவிடுகிறது. ஒளிச்சேர்க்கையின் வரவும் மூச்சின் செலவும் சமமாகும் ஒளி அளவை ஈடுகட்டும் புள்ளி என்கிறார்கள். வெளிச்சம் அந்த அளவுக்குக் கீழே இருந்தால் செடி பச்சையாகத் தெரிந்துகொண்டே மெல்ல மெல்லக் கரையும். கூடத்து மூலையில் வைத்த துளசி மூன்று நான்கு வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு இலை உதிர்ப்பது, சேமிப்பு தீர்ந்ததன் அடையாளம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடமே துளசிக்கு உகந்தது. வானம் தெரியும் முற்றத்தின் நடுவில் மாடம் கட்டி அதை வைத்த முன்னோர், செடியின் தேவைக்கு மிகப் பொருத்தமான இடத்தையே கொடுத்திருந்தார்கள்.

நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென்று சித்திரை வெயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது. நிழலில் விரிந்த இலைகள் அகன்று மெலிந்தவை. அவ்வளவு ஒளியைக் கையாளும் ஆயத்தம் அவற்றில் இல்லை. வெளுத்துக் கருகிவிடும். முதலில் காலை வெயில், பிறகு சிறிது சிறிதாகக் கூடுதல் நேரம் என்று ஒரு வாரம் பத்து நாள் பழக்க வேண்டும். கருந்துளசியில் இந்தப் பழக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நிழலில் பச்சையாகக் கிடந்த செடி, வெயிலில் புதிதாக விடும் தளிர்களில் ஊதா ஏற்றும். ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி, மிகையான ஒளி தாக்காதபடி இளம் இலையைக் காக்க உதவுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துளசி இரவிலும் ஆக்சிஜன் வெளியிடும் என்று பரவலாகப் பகிரப்படும் செய்தி உண்மையன்று. ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் பிறப்பது நீர் பிளக்கப்படும்போது. நீரைப் பிளக்கும் ஆற்றல் ஒளியிலிருந்து வருகிறது. ஒளி இல்லாத இரவில் எந்தச் செடியும் ஆக்சிஜன் உண்டாக்க முடியாது. கற்றாழை போன்ற செடிகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும். அவையும் ஆக்சிஜன் தருவது பகலில்தான். துளசியோ அந்த வகையும் இல்லை. அதன் மருத்துவச் சிறப்புக்கு இத்தகைய பொய்த்துணை தேவையில்லை.

வாசனை எங்கிருந்து வருகிறது?

துளசி இலையின் அடிப்பக்கத்தை வெயிலில் பிடித்து, ஒரு கைவில்லை வழியாகப் பார்த்தால், நரம்புகளுக்கு இடையே ஊசிமுனை அளவில் மினுங்கும் புள்ளிகள் தெரியும். அவை சுரப்பி மயிர்கள்: வாசனை எண்ணெயைத் தயாரித்துத் தம் தலையில் மெல்லிய உறைக்குள் தேக்கி வைக்கும் நுண்ணிய அமைப்புகள். இலையைக் கசக்கும்போது அந்த உறை உடைகிறது. எண்ணெய் காற்றில் கலக்கிறது. கிராம்பின் காரமான மணத்துக்குக் காரணமான யூஜினால், பலவகைத் துளசிகளின் எண்ணெயிலும் முக்கியமான பகுதி.

இந்த எண்ணெயைச் செய்வதற்கான மூலப்பொருள் ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் சர்க்கரையே. வரவு குறைந்தால் செடி முதலில் உயிர்வாழ்வைப் பார்க்கும்; எண்ணெய் பிறகுதான். திருநீற்றுப்பச்சையில் நடந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியுள்ளன. கடும் நிழலில் எண்ணெயின் அளவு குறைவதோடு அதன் கலவையும் மாறுகிறது: நல்ல ஒளியில் லினலூல், யூஜினால் ஆகியவற்றின் பங்கு கூடுகிறது, ஒளி குறைந்தால் மெத்தில் யூஜினால் என்ற மற்றொரு பொருளின் பங்கு கூடுகிறது. ஆகவே ஒரே விதையிலிருந்து வந்த இரண்டு செடிகள், வளர்ந்த இடத்தைப் பொறுத்து வேறு வேறாக மணக்கலாம். மருந்துக்காகப் பயிரிடுபவர்கள் இதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவற்றில் யு.வி.-பி எனப்படும் பகுதி பட்ட திருநீற்றுப்பச்சையில் சுரப்பிகள் நன்றாக நிரம்புவதும் எண்ணெய் கூடுவதும் காணப்பட்டிருக்கின்றன. சாதாரணச் சன்னல் கண்ணாடி அந்தப் பகுதியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சமான கண்ணாடிச் சன்னலின் உட்புறம் செழித்து வளர்ந்த துளசிகூட, மொட்டைமாடித் துளசி அளவுக்கு மணக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுக்குமாடி வீட்டில் வேறு வழியில்லாதவர்கள், பகலில் கண்ணாடிக் கதவைத் திறந்து, தொட்டியைக் கம்பிக்கு அருகில் நேர் வெயில் படும்படி நகர்த்தி வைத்தாலே சில வாரங்களில் புதிதாக வரும் இலைகளை முகர்ந்து வேறுபாட்டை உணரலாம்.